வண்டியைச் சொல்லாதே

எந்த வண்டியையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. வண்டியைக் கொண்டுவந்தவனைத்தான் திட்டுவார். கிளட்ச் தேய்ந்திருந்தால் அவன் காலைத் திட்டுவார். ஸ்பிரிங் பட்டை முறிந்திருந்தால் அவன் பேராசையைத் திட்டுவார். பஞ்சரான டயரைக்கூட விடமாட்டார். “ஆணி ஒன்னத் தேடி வந்துச்சா, நீ ஆணியத் தேடிப் போனியா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஜாக்கியை எடுப்பார்.

திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகிற சாலையில், ஒரு ரைஸ்மில் சுவரில் சாய்ப்பு இறக்கிய கீற்றுக் கொட்டகைதான் அவருடைய ஒர்க் ஷாப். இன்ஜினைத் தூக்க வேண்டுமென்றால் வெளியே தூங்குமூஞ்சி மரக்கிளையில் சங்கிலி போட்டுத் தூக்குவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. கட்டைக் குரல், கட்டை விரல்கள், எண்ணெய் ஊறிக் கறுத்த காக்கி அரைக்கால் சட்டை. சிரித்தால் நன்றாகத்தான் இருப்பார், ஆனால் அடுத்தவன் முழிக்கும்போது மட்டும்தான் சிரிப்பார்.

என்னிடம் அப்போது ஒரு பிக்கப் வண்டி இருந்தது. பட்டாளத்தில் ஓடிக் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தவரிடம் நான் வாங்கினேன். முன்னால் நீள மூக்கு, பின்னால் திறந்த தொட்டி. நெல் மூட்டை, உரம், முத்துப்பேட்டை மீன் கூடை, பந்தல் கால், கட்சிக் கூட்டத்துக்கு மைக்செட் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். ஆட்சி மாறிய புதிது. கூட்டத்துக்குக் குறைவே கிடையாது, அதனால் எனக்கு வாடகைக்கும் குறைவில்லை. வண்டிக்குத்தான் வயதாகிவிட்டது. இன்று ஒன்றைச் சரி செய்தால் நாளை இன்னொன்று படுக்கும்.

முதலில் படுத்தது செல்ஃப் ஸ்டார்ட்டர். மார்கழிக் காலையில் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். “காலையில வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது மேஸ்திரி” என்றேன்.

“அது கெடக்கட்டும். நீ எப்ப எந்திரிச்ச?”

பேட்டரியில் தண்ணீர் வற்றிக் கிடந்ததை அவர் மூடியைத் திறந்து காட்டினார். அதைப் பார்க்க வேண்டியவன் நான். அது எனக்கும் தெரியும், வண்டிக்கும் தெரியும், அவருக்குத் தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு முறை மன்னார்குடிச் சாலையில் ரேடியேட்டர் ஒழுகிப் பாதி வழியில் நின்றுவிட்டேன். பக்கத்தில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர், “ஒரு கை தவிடு போடுங்க, அடைச்சுக்கும்” என்றார். தவிடு அவரிடமே இருந்தது. போட்டேன். ஒழுக்கு உண்மையாகவே நின்றது. சந்தோஷத்தில் இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். மறுநாள் இன்ஜின் கொதித்து மூடியைத் தூக்கி எறிந்தது. மேஸ்திரி கீழ்க்குழாயைக் கழற்றியதும் கஞ்சியாக இறங்கியது.

“மாட்டுக்கு வைக்கிறத வண்டிக்கு வச்சிருக்க. பால் கறந்துச்சா?”

மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அவர் ரேடியேட்டரைக் கழற்றி, அலசி, ஓட்டைக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அந்தப் பற்று வண்டியை நான் விற்கும்வரை விடவில்லை. மாதக்கணக்கில் மில் பக்கம் போனால் மட்டும் “என்னங்க, பால் எவ்வளவு?” என்று யாராவது கேட்பார்கள்.

மில் முதலாளியிடமும் அவர் இதே போலத்தான். முதலாளியின் கார் அடிக்கடி வழியில் நின்றதால், கண் பட்டுவிட்டது என்று முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேஸ்திரி கார்பரேட்டரைத் திறந்து உள்ளே கிடந்த கசடை விரலில் எடுத்துக் காட்டினார். “பெட்ரோல வடிகட்டாம ஊத்துனது ஒங்க டிரைவரு. அவன வேலைக்கி வச்சது நீங்க. இதுல எலுமிச்சம்பழம் என்னங்க செய்யும்?” கொட்டகை யாருடைய சுவரில் சாய்ந்திருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் நினைத்துப் பேசியதில்லை.

அந்த நாட்களில் சாமி இல்லை என்று பேசுகிற கூட்டங்கள் ஊருக்கு ஊர் நடந்தன. மைக்செட் ஏற்றிக்கொண்டு போகும்போது அவரும் சில நாள் கூட வருவார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். திரும்பி வரும்போது ஒருநாள் சொன்னார்: “சாமி இல்லங்கிறான். சரி. வண்டியும் தப்பு செய்யாது. அப்ப மிச்சம் யாரு? மனுசன்தான? அத எவனாச்சும் சொல்றானா பாரு.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது அவர் வாயில் நாளுக்கு நாலு முறை வரும்.

“அந்த ஆளுகிட்ட திட்டு வாங்கத்தான் வண்டி வாங்குனீங்களா?” என்று என் மனைவி கேட்பாள். வேறு மெக்கானிக்குகள் இல்லாமலில்லை. அவர்கள் ‘வண்டின்னா அப்படித்தாங்க, வயசாச்சுல்ல’ என்று என் மனம் நோகாமல் பேசுவார்கள். மறுவாரம் அதே கோளாறு வரும். இவரிடம் மனம் நொந்து திரும்பினால் வண்டி ஓடும். அவரைப் பிடிக்குமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழுகிறதே என்று கியர்க் கம்பை சைக்கிள் டியூபால் சீட்டோடு இழுத்துக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கண்டால் என்ன சொல்வாரோ என்று பயந்து ஒர்க் ஷாப் வருமுன் டியூபை அவிழ்த்து ஒளித்திருக்கிறேன். கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அப்படி நான் பயந்ததில்லை.

சம்பா அறுவடை நெருங்கிய சமயம் பிரேக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. கடையில் பிரேக் ஆயில் கிடைக்காத நேரம். எங்கள் பக்கத்து ஒர்க் ஷாப்புகளில் அதற்கு ஒரு கைப்பாகம் உண்டு, விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து ஊற்றுவார்கள். விளக்கெண்ணெய் பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பரைத் தின்னாது. மேஸ்திரியும் அப்படித்தான் கலந்து ஒரு தகர டின்னில் வைத்திருப்பார். நான் ரயில்வே கேட்டில் கடைசி நிமிடத்தில் பிரேக் அடித்ததை யாரோ பார்த்து அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்று கிடைத்த திட்டு கொஞ்சமல்ல. என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டே கையால் டின்னைத் தேடி எடுத்தார், மூடியைத் திறந்தார், ஊற்றினார். நான் தலையைக் குனிந்துகொண்டு தரையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாளில் வண்டி இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. சக்கரத்து டிரம்மைத் தொட்டால் சுட்டது. போய்ச் சொன்னேன். அவர் வேறு வண்டியின் அடியில் படுத்திருந்தார், வெளியே வரவில்லை.

“பிரேக் மேல கால வச்சுகிட்டே ஓட்டுனா சூடாவாம என்ன செய்யும்? செருப்பக் கழட்டிட்டு ஓட்டு. கால் எங்க இருக்குன்னு தெரியும்.”

நானும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஓட்டினேன்.

அந்த வருஷம் அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளிகள் நின்றுவிட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்றது அவர்களுடைய சங்கம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வைத்து அறுக்கப் பார்த்தார்கள். அங்கே அடிதடி, இங்கே குடிசைக்குத் தீ என்று தினம் ஒரு செய்தி காதில் விழுந்தது. ஒரு மிராசுதார் மேற்கேயிருந்து அறுப்பாட்களை ஏற்றிவர என் வண்டியைக் கேட்டார். போகவேண்டாம் என்றாள் மனைவி. நான் போனேன். வண்டி வைத்திருக்கிறவன் வாடகையைப் பார்ப்பானா, நியாயத்தைப் பார்ப்பானா என்று அப்போது பேசினேன். இப்போது கேட்டாலும் வேறு பதில் எனக்குத் தெரியாது.

ஊர் எல்லையில் வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை நன்றாக இறங்கும். இறக்கத்தின் அடியில் கொடி பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நிறுத்திவிடலாம், பேசித் திரும்பிவிடலாம் என்றுதான் பாலத்தின் மேல் ஏறினேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். வெறுங்கால் தரையைத் தொட்டது. மறுபடி மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பின்னால் ஏறியிருந்த ஆள் பாரத்துக்கு அது எம்மாத்திரம்? ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வண்டியைக் கரைப் பக்கம் ஒடித்தேன். எல்லோரும் சிதறி ஓடினார்கள். பக்கிரி என்கிற ஆள் மட்டும் எழ முடியாத ஒரு கிழவியைத் தூக்கித் தள்ளிவிட்டான், தான் விலகுவதற்குள் சக்கரம் அவன் காலில் ஏறியது. வண்டி வாய்க்கால் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

நாலு அடி வாங்கினேன். அதற்கு மேல் விழுமுன் போலீஸ் வந்துவிட்டது. கிழவியும் பிழைத்தாள், பக்கிரியும் பிழைத்தான், ஆனால் அவன் கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது என்றார்கள். மிராசுதார் சொல்லி நான் வேண்டுமென்றே கூட்டத்தில் ஏற்றினேன் என்று புகார். கொலை முயற்சி வழக்கு. ஸ்டேஷன் வராந்தாவில் என்னை உட்காரவைத்தார்கள். மனைவி கைக்குழந்தையோடு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிரேக் போய்விட்டது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாட்டிக்கொண்ட டிரைவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான் என்று சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா?

வண்டியைச் சோதிக்கத் தஞ்சாவூரிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வர நாளாகும். வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. “இந்த வண்டிய யாரு பாக்குறது? அந்த ஆளக் கூட்டியா” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மாடுகளைப் பூட்டி வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்திருந்தார்கள். மேஸ்திரி பையோடு வந்து சேர்ந்தார்.

சங்கத்துச் செயலாளர் அவரை வாசலிலேயே மறித்தார். “மேஸ்திரி, நீங்க புதுசா ஒன்னும் சொல்ல வேணாம். தெனம் சொல்றதையே சொல்லுங்க. வண்டி தப்பு செய்யாது, ஆள்தான் செய்வான்னு. அது போதும் எங்களுக்கு.”

ஊரில் எவனைக் கேட்டாலும் அது அவருடைய வேதவாக்கு என்று சொல்வான். அதை இத்தனை வருஷம் கேட்டுச் சிரித்தவன் நான்.

மிராசுதாரும் வந்திருந்தார். “பழைய வண்டி மேஸ்திரி, என்னத்த எதிர்பாக்க முடியும்? பிரேக் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது” என்றார். மேஸ்திரி பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் உள்ளங்கையில் பிரேக்கின் ரப்பர் வாஷர் இருந்தது. ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரம் கிழிந்திருந்தது. அதில் ஒட்டியிருந்த எண்ணெயை முகர்ந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். பிறகு என் பக்கம் வந்தார்.

“வண்டி இழுக்குதுன்னு வந்து சொன்னியே.”

“ஆமா மேஸ்திரி.”

“நான் என்ன சொன்னேன்?”

“செருப்பக் கழட்டச் சொன்னீங்க.”

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். மேஸ்திரி சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். “எழுதிக்கிங்க. பிரேக்குக்கு ஊத்துனது வெளக்கெண்ண இல்ல. பம்ப்செட்டுக்கு ஊத்துற ஆயிலு. அது ரப்பர ஊதவச்சு கிழிச்சிடும். ரெண்டு டின்னும் ஒன்னு போல இருக்கும். நான்தான் ஊத்துனேன். இந்தாளத் திட்டிகிட்டே பாக்காம எடுத்து ஊத்துனேன். அப்பறமும் வண்டி இழுக்குதுன்னு வந்து சொன்னாரு. எந்திரிச்சு வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல.”

“அப்ப வண்டிக் கோளாறுதான?” என்றார் மிராசுதார், முகம் மலர்ந்து.

“வண்டிக் கோளாறு இல்லீங்க. என் கோளாறு.”

“யோவ், யோசிச்சுச் சொல்லு” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “நான் எழுதுனா கேஸ் ஒம் பக்கம் திரும்பும்.”

“திரும்பட்டுங்க.”

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வெலைக்கிப் போயிட்டீங்களே மேஸ்திரி” என்றார். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. ஒருவனுக்குப் பதில் சொல்லாமல் அவர் நின்றதை நான் அதுவரை கண்டதில்லை.

என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மனைவியோடு வீட்டுக்கு வந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் அந்தத் தலைப்பாகை இன்னொருவர் தலை என்பது உறைத்தது.

கவனக்குறைவு என்று அவர்மேல் வழக்கு நடந்தது. கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கிரியைப் பார்க்கப் போனவரை அவன் உறவுக்காரர்கள் வார்டுக்குள் விடவில்லை. மிராசுதார் ஆள் மூலம் ஒரு தார் பழம் கொடுத்தனுப்ப, கொண்டுவந்தவனைத் திட்டிய திட்டில் அவன் தாரோடு ஓடினான். சங்கத்து ஆட்கள் அவர் கொட்டகையைக் கடக்கும்போது காறித் துப்பினார்கள். பிரேக்கில் கோட்டை விட்டவனிடம் யார் வண்டி விடுவார்கள்? மரக்கிளையில் சங்கிலி சும்மா தொங்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஒருநாள் ஆறுதல் சொல்லப்போனேன். “யானைக்குச் சறுக்குனா யானைதான் விழும்” என்றார்.

நான் வண்டியை அவரிடம்தான் விட்டேன், பிரேக்கையும் சேர்த்து. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பிரேக்கில் கை வைத்தால் மட்டும் அவர் வாயை மூடிக்கொள்வார், நாம் பேசினாலும் கையைத் தூக்கித் தடுத்துவிடுவார். மற்றபடி திட்டு குறையவில்லை.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் கார்பரேட்டரைச் சரிபார்ப்பதற்காக இன்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தோம். சாலையில் கம்பு ஊன்றிக்கொண்டு பக்கிரி வந்தான். கால் கோணலாகச் சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலைக் காட்டப் போய்த் திரும்புகிறவன், வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்கினான். ஒதுங்கிய பிறகுதான் இது யார் கொட்டகை என்று பார்த்திருக்க வேண்டும். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றான்.

மேஸ்திரி கையைத் துடைத்தார். இருந்த ஒரே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் முன்னால் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் உட்கார்ந்து, குடித்து, சொம்பைக் கீழே வைத்தான். மேஸ்திரி நின்றுகொண்டே இருந்ததில் அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது.

“வுடுங்க மேஸ்திரி” என்றான். “நீங்க என்ன செய்வீங்க. பழைய வண்டி, எப்ப என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்.”

“வண்டியச் சொல்லாத.”

“இல்லீங்க, நான் எதுக்குச் சொல்ல வந்தேன்னா...”

“வண்டி ஒன்னும் செய்யல. என்னச் சொல்லு.”

பக்கிரி என்னைப் பார்த்தான். பெரிய மனுஷனின் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று பிள்ளையிடம் பேசுகிற தொனியில் சொன்னான்: “சரிங்க. நீங்கதான் என் கால ஒடிச்சீங்க. போதுங்களா?”

“இன்னொரு தடவ சொல்லு.”

“நீங்கதான் ஒடிச்சீங்க” என்றான் பக்கிரி. இந்த முறை குரல் வேறாக வந்தது. “ஊரே நடவுல கெடக்கு. நான் கரையில ஒக்காந்து பாக்குறேன். சேத்துல கால வச்சா எடுக்க முடியல. எம் பொண்டாட்டி ரெண்டாள் வேல செய்யுறா. ஒன்னாலதான்யா. நீ ஒரு நிமிசம் எந்திரிச்சுப் பாத்திருந்தா எங் கால் இருந்திருக்கும்யா...”

அதற்குமேல் இன்ஜின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அவன் அழுதுகொண்டே பேசினான். மேஸ்திரி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் எதிரே குனிந்து நின்றார். நான் போய் இன்ஜினை அணைத்தேன். அவன் சொல்வது முழுவதும் அவருக்குக் கேட்க வேண்டும்.